காபியில் கலந்த மருந்து

எனக்கு வாய் ஜாஸ்தி. கோர்ட்டில் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். மனநோயாளிகளின் உரிமை என்ன, அவர்களுடைய சம்மதம் இல்லாமல் குடும்பத்தார் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று பெங்களூரில் எங்கே கூட்டம் போட்டாலும் வக்கீல் தரப்பில் பேச என்னைக் கூப்பிடுவார்கள். நானும் இஸ்திரி போட்ட காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

சென்ற வருடம் அப்படி ஒரு கூட்டம். மேடையில் வயதான மனநல டாக்டர் ஒருவர், சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர், நான். எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளின் அப்பா அம்மாக்கள். கடைசி வரிசையில் என் தம்பி. காலேஜ் முடித்த காலத்திலிருந்து அவனுக்குக் காதில் குரல்கள் கேட்கிற வியாதி. அப்பா அம்மா போன பிறகு ஜீவனஹள்ளி வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான். தனியாக விட்டுவர மனசில்லாமல் கூட அழைத்துப் போயிருந்தேன்.

அவனைப் பற்றி எந்த மேடையிலும் நான் மூச்சு விட்டதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் மாத்திரை வேண்டவே வேண்டாம் என்று தட்டைத் தூக்கி எறிந்தான். அதன்பின் நான் மட்டும் அவனுடைய டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நிறமும் மணமும் இல்லாத சொட்டு மருந்தை எழுதி வாங்கிக்கொண்டு வந்து தினமும் காலையில் அவன் காபியில் கலந்துவிட்டேன். அவன் தேறினான். தூங்கினான், சவரம் செய்துகொண்டான், பேப்பர் படித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

கூட்டத்தில் கேள்வி நேரம் வந்ததும் ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் எழுந்தார். தெரு பெருக்கும் வேலையை முடித்துவிட்டு நேராக வந்ததாகச் சொன்னார்.

"எம்புள்ள மாத்திரய கண்டாலே அடிக்க வரான் மேடம். மோர்ல கரைச்சு குடுத்துடறேன். குடிச்சா அமைதியா கீறான். இது தப்புங்களா?"

டாக்டர் மைக்குக்காகக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. சட்டக் கேள்வி, என் கேள்வி. சம்மதம் இல்லாமல் மருந்து கொடுப்பது அந்த மனிதனை ஏமாற்றுவது என்றேன். உங்கள் மகன் சின்னக் குழந்தை இல்லை, அவன் உடம்புக்குள் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு உரிமை உண்டு என்றேன். பாசம் என்ற பெயரில் வீட்டுக்கு வீடு இந்த அராஜகம் நடக்கிறது என்றும் ஒரு போடு போட்டேன். நல்ல கைதட்டல். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மா, சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வாங்க, பேசலாம் என்று மைக் இல்லாமலே சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாளைக் காணோம்.

எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை. இதைச் சொல்லத்தான் இப்போது நாக்கு கூசுகிறது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் மருந்துப் பாட்டில் என் நினைவுக்கே வரவில்லை. என் வீட்டில் நடப்பது வேறு, அதற்கு ஆயிரம் நியாயம் உண்டு என்று மனசு தனிக் கணக்கு வைத்திருந்தது போலிருக்கிறது. திரும்பி வரும்போது ஆட்டோவில் தம்பி தெருவையே பார்த்துக்கொண்டு வந்தான். கூட்டத்தில் களைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைய பேச்சு எப்படி என்று அவனிடம் கேட்டேன் வேறு. என்ன ஜென்மமோ நான்.

மறுநாள் காலை பால் பொங்கியதும் டிகாக்‌ஷனை ஊற்றினேன், சர்க்கரை போட்டேன், கை தானாகப் பாட்டிலைத் தேடியது. சொட்டு விட்டுக் கலக்கி மேஜைமேல் வைத்தேன். தம்பி வந்து உட்கார்ந்தான். டம்ளரைத் தொடவில்லை.

"இதுல இருக்காக்கா?"

எவ்வளவோ சாட்சிகளைக் கூண்டில் நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். அன்று கூண்டில் நின்றது நான். இருக்கு என்றேன்.

தெரியும் என்றான். அரிசி டப்பாவை எடுக்கப் போனபோது ரொம்ப நாளைக்கு முன்பே பாட்டிலைப் பார்த்துவிட்டானாம். பெயரைப் போனில் போட்டுத் தேடிப் படித்தானாம். பிறகு ஏன்டா குடித்தாய் என்று கேட்டேன். குடித்தால் குரல்கள் தூரமாகப் போய்விடுகின்றன என்றான். நீயே ஒருநாள் சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"அன்னிக்கு ஒரு தடவதான் வேணாம்னேன். அப்புறம் நீ என்னைக் கேக்கவே இல்லயே."

இன்று மாட்டேன் என்பவன் நாளைக்குச் சரி என்பான், அதனால் மறுபடி மறுபடி கேட்க வேண்டும் என்று நர்சுகளுக்கெல்லாம் வகுப்பு எடுத்திருக்கிறேன். சொந்தத் தம்பியிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியிருக்கிறது. மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்கவில்லை. அதுதான் உண்மை.

அவன் எழுந்து போய்க் காபியைச் சிங்க்கில் கொட்டினான். இனி மருந்தே வேண்டாம் என்று சொல்லப் போகிறான், பழையபடி எல்லாம் ஆரம்பிக்கப் போகிறது என்று நினைத்தேன். அரிசி டப்பாவை நகர்த்தினான். பாட்டிலை எடுத்து மேஜைமேல் எனக்கு முன்னால் வைத்தான்.

"இப்போ கேளு."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருந்து சாப்பிடறியாடா என்று கேட்டேன். யோசித்தான். யோசிக்க விட்டேன். சாப்பிடறேன், ஆனால் அடுத்த தடவை டாக்டரிடம் நானும் வருவேன், இந்த மருந்தால் வரும் கை நடுக்கத்தைப் பற்றி நானே அவரிடம் சொல்லணும் என்றான். அவனுக்குக் கை நடுங்குவதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

டம்ளரில் தண்ணீர் பிடித்து அவனே சொட்டுகளை விட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"இதத்தானே நீ அந்தம்மாவுக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும்?"