இரண்டாவது தோட்டா

அப்பா துப்பாக்கி வாங்கப் போகிறார் என்ற செய்தியை எங்கள் அபார்ட்மெண்டில் நான் சொல்லாத ஆள் இல்லை. தபால்காரரிடம்கூடச் சொன்னேன். டெக்சாஸில் அதெல்லாம் ஒரு செய்தியே இல்லை என்பதால் அவர் லேசாகத் தலையாட்டிவிட்டு அடுத்த பெட்டியில் கடிதங்களைப் போடப் போய்விட்டார். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. இர்விங்குக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கிரீன் கார்டு அந்த வருடம்தான் வந்திருந்தது. எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ ஃபெல்லோஷிப்பில் மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் வேன் வாங்கினார்கள், வீடியோ கேமரா வாங்கினார்கள், ஒருவர் கீபோர்டுகூட வாங்கினார். ரைஃபிள் வாங்கப் போகிற அப்பா எனக்கு மட்டும்தான் இருந்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் டேல் அங்கிள். அங்கிள் என்பது நாங்கள் சேர்த்துக்கொண்டது. லாஸ் கொலினாஸில் அப்பா வேலை பார்த்த டெலிபோன் கம்பெனியில் அவர்தான் மேனேஜர். கதவு நிலையில் இடிக்கிற உயரம், சோளக்கதிர்க் குஞ்சம்போல் வெளிர்மஞ்சள் மீசை, எந்த வார்த்தையையும் அவசரமாகச் சொல்லாத வாய். ஒவ்வொரு நவம்பரிலும் தெற்கே மலைப்பாங்கான பகுதியில் குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்துக்கு மான் வேட்டைக்குப் போவார். டீமில் ஒருவரையும் கூட்டிப்போவார். அந்த முறை அப்பாவின் மேஜைப் பக்கம் வந்து நின்று "நீ வர்றியா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா யோசிக்காமல் சரி என்றுவிட்டார்.

அப்பா பாளையங்கோட்டைக்காரர். ஊர் மார்க்கெட்டில் கோழி வாங்கப் போனால், கடைக்காரர் கத்தியை எடுக்கும்போதே பேப்பர் வாங்கும் சாக்கில் எதிர்க்கடைக்கு நழுவிவிடுவார் என்று அம்மா அடிக்கடி சொல்லிக் காட்டுவாள். அப்படிப்பட்டவர் துப்பாக்கி என்றதும் அம்மா சாமியாடப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்.

"மான் கறியா? சட்டப்படியேவா?"

சட்டப்படியேதான், லைசென்ஸ் எடுத்துச் சுடலாம் என்று தெரிந்ததும் வீட்டில் அப்பாவைவிட அம்மாவுக்குத்தான் உற்சாகம் அதிகமானது. அன்றைக்கே மூன்று ஆண்ட்டிகளுக்கு போன் பண்ணி, வேட்டை முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு எங்கள் வீட்டில் மான் பிரியாணி என்று அறிவித்துவிட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து துப்பாக்கி அப்பாவின் ஆசை என்கிற நிலையைத் தாண்டி வீட்டுச் சாமானாகிவிட்டது.

எந்தத் துப்பாக்கி என்பதற்கு டேல் அங்கிள் ஒரு யோசனை சொல்லியிருந்தார். முதல் குண்டு யாருக்கும் தவறும். மான் துள்ளும். ஆனால் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சற்று நின்று பார்க்கும். அந்த நேரத்துக்குள் அடுத்த குண்டை ஏற்றிவிடுகிறவன் வீட்டு ஃப்ரீசர்தான் நிறையும். அதனால் போல்ட் சீக்கிரம் ஓடுகிற ரைஃபிளாகப் பார்த்து வாங்கு.

அப்பா இன்ஜினியர். இப்படி ஒரு தேவையைச் சொல்லிவிட்டால் போதும், சாப்பாடு தூக்கம் மறந்துவிடும். கடையிலிருந்து வேட்டைப் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேஜையில் சாம்பார்க் கிண்ணத்துக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக அவற்றைப் படித்தோம். போல்ட் ரைஃபிளில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பக்கத்தில் உள்ள கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே இறக்க வேண்டும். இழுக்கும்போது காலித் தோட்டா வெளியே தெறிக்கும். தள்ளும்போது புதுத் தோட்டா உள்ளே போகும். கைப்பிடியை எவ்வளவு உயரம் தூக்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு தூரம் இழுக்க வேண்டியிருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். அப்பா பூரிக்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வலது கையால் காற்றில் தூக்கி இழுத்துத் தள்ளி இறக்கிக் காட்டினார். அம்மா பூரிக்கு மாவு பிசைந்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

துப்பாக்கிக் கடைக்குப் போன அந்தச் சனிக்கிழமை எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஃபோர்ட் வொர்த் போகிற வழியில் ஒரு பெரிய கடை. கவுண்டருக்குப் பின்னால் சுவர் முழுக்கத் துப்பாக்கிகள், அவற்றுக்கு மேலே கண்ணாடிக் கண்களோடு மான் தலைகள். விற்றுக்கொண்டிருந்தவர் ஒரு பெண்மணி. கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, சிவப்பு நகப்பூச்சு. எங்கள் பள்ளி நூலகர் என்றே நினைத்திருப்பேன். அப்பா தன் தேவையைச் சொன்னதும் நான்கு ரைஃபிள்களை எடுத்துப் பச்சைத் துணியின்மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே ஒன்றுமில்லை என்று அப்பாவிடம் காட்டினார். பிறகு குனிந்து என்னிடமும் காட்டினார். அந்த மரியாதையில் நான் ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டேன்.

முதல் ரைஃபிள் பார்க்க ராஜா மாதிரி இருந்தது. வால்நட் கட்டை, பளபளப்பு. ஆனால் கைப்பிடியை மிக உயரத் தூக்கவேண்டியிருந்ததால் ஒவ்வொரு தடவையும் அப்பாவின் விரல் மொளி மேலேயிருந்த குறிபார்க்கும் ஸ்கோப்பில் இடித்தது. இரண்டாவதற்குக் கொஞ்சம் தூக்கினால் போதும், ஆனால் துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறக்கிற மாதிரி பலம் வேண்டியிருந்தது. அப்பா இழுப்பதற்கு வசதியாகத் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி இறக்கி வைத்தார். அந்தப் பெண்மணி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கன்னம் கட்டையை விட்டு நகரக்கூடாது, கை மட்டும்தான் வேலை செய்ய வேண்டும், கண்ணை எடுத்தால் மான் போய்விடும் என்றார். மூன்றாவது ஐரோப்பாவிலிருந்து வந்தது. தூக்கவே வேண்டாம், மேஜை இழுப்பறை மாதிரி இழுத்துத் தள்ளினால் போதும். அப்பாவின் முகம் மலர்ந்துபோனது. பிறகு விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல இரண்டு கையாலும் அதைத் துணியின்மேல் வைத்துவிட்டார்.

நான்காவது யாரோ வைத்திருந்து விற்றது. கட்டையில் கீறல்கள், மங்கிப்போன கறுப்பு. அப்பா அதைக் கடமைக்காகத்தான் எடுத்தார். போலித் தோட்டாக்களை நிரப்பித் தோளில் வைத்து ஒரு முறை ஓட்டினார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மற்ற மூன்றிலும் டக், சரக், சரக், டக் என்று தனித்தனியாகச் சத்தங்கள் கேட்டன. இதில் அப்படி இல்லை.

"அப்பா, திஸ் ஒன்! இட் சவுண்ட்ஸ் லைக் ஒன் வேர்ட்!" என்று கத்தினேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஓட்டினார். மறுபடியும். "ஆமால்ல!" என்றார். போலித் தோட்டாக்கள் கவுண்டரில் குதித்து உருண்டன. பெண்மணி சிரித்துக்கொண்டே அவற்றைப் பொறுக்கினார். தான் வாங்குவதாக இருந்தால் இதைத்தான் வாங்கியிருப்பேன், சொன்னால் யாரும் கேட்பதில்லை, அழகானதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றார். பல வருடம் ஓடி ஓடித் தேய்ந்து வழுவழுப்பானதாம் அந்த போல்ட். சுவரைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எனக்கும் ஒரு தடவை ஓட்டக் கொடுத்தார். வெண்ணெய்க்குள் கை போனதுபோல் இருந்தது. வீடு வரும்வரை காரில் நான் வாயாலேயே அந்தச் சத்தத்தை எழுப்பிக்கொண்டு வந்தேன். அப்பா என்னை அதட்டவில்லை. ஒரு சிக்னலில் அவரும் ஒரு தடவை எழுப்பினார்.

வீட்டில் அம்மா ஒரு சட்டம் போட்டாள். ரைஃபிள் பூட்டின அலமாரியில் இருக்கும். போல்டைக் கழற்றித் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும். அதை அவள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தாள். தினமும் சாயங்காலம் அப்பா போய்க் கேட்டு வாங்குவார். அணைத்துவைத்த டிவிக்கு எதிரே உட்காருவார். நான் எதிர்பாராத நேரத்தில் "நவ்!" என்பேன். அவர் கை பறக்கும். சத்தம் ஒரே வார்த்தையாக வந்தால் பாஸ். உடைந்து வந்தால் ஃபெயில். வேட்டைக்காரர்களுக்கான வகுப்புக்கும் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். சுடும் மைதானத்தில் காகிதத்தை அவர் சல்லடையாக்கினார். காலித் தோட்டாக்கள் என் காலடியில் வெதுவெதுப்பாக விழுந்தன. நம் டீமில் இந்த வேகத்துக்கு ஆளே இல்லை என்றார் டேல் அங்கிள். அப்பாவின் காது மடல்கள் சிவந்துவிட்டன.

நவம்பரும் வந்தது. நானும் கூட வரலாம் என்று டேல் அங்கிள் சொல்லியிருந்தார். விடியலுக்குச் சற்று முன் அப்பாவும் நானும் கால் முளைத்த மரக்கூண்டு ஒன்றில் ஏறி உட்கார்ந்தோம். டேல் அங்கிள் சற்றுத் தள்ளி வேறொரு கூண்டில் இருந்தார். குளிரில் பற்கள் தந்தியடித்தன. எனக்கு அது குளிரா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மெல்ல வெளிச்சம் வந்தது. ஓக் மரங்களுக்கு நடுவே மான்களை வரவழைக்கச் சோளம் இறைத்திருந்த வெட்டவெளி தெரிந்தது. முதலில் இரண்டு பெண் மான்கள் வந்தன. அவற்றுக்குப் பின்னால், தலை நிறையக் கொம்போடு ஒரு ஆண் மான்.

அப்பா சுட்டார். கூண்டே அதிர்ந்தது. மானின் முதுகுக்கு மேலே, பின்னால் இருந்த மண்ணில் புழுதி கிளம்பியது. பெண் மான்கள் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு மறைந்தன. ஆண் மான் ஒரு துள்ளு துள்ளியது. பிறகு டேல் அங்கிள் சொன்னபடியே, அச்சு அசலாக அப்படியே, நின்றது. காதுகளை ஒவ்வொன்றாகத் திருப்பியது. மூக்கிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது. அது எங்கள் கூண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இதற்காகத்தானே எல்லாம்! "அப்பா, நவ்!" என்று கிசுகிசுத்தேன்.

அப்பாவின் கன்னம் கட்டையில்தான் இருந்தது. விரல்கள் போல்டின் குமிழைப் பிடித்திருந்தன. நகரவில்லை. "நவ், அப்பா, நவ்!"

"இரும்மா," என்றார் அப்பா.

மான் இன்னும் கொஞ்சம் பார்த்தது. அவசரமே இல்லாமல் திரும்பி, மரங்களுக்குள் நடந்து போனது. ஓடக்கூட இல்லை.

டேல் அங்கிள் தன் பிக்கப்பில் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவருக்கு ஒரு மான் கிடைத்திருந்தது. ஒரு சத்தம்தான் கேட்டது, இரண்டாவதுக்குக் காத்திருந்தேன் என்றார்.

"போல்ட் சிக்கி ஜாம் ஆயிருச்சு," என்றார் அப்பா.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். டேல் அங்கிள் ரைஃபிளை வாங்கி, தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, போல்டை ஓட்டினார். ஒரே வார்த்தை. மறுபடி ஓட்டினார். அதே ஒரே வார்த்தை. அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார்.

"ஆமா," என்றார் நிதானமாக. "ஜாம் ஆகத்தான் செய்யுது. பழைய துப்பாக்கி இல்லையா." அதை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

தன் மானிலிருந்து ஒரு தொடையை அவரே எங்களுக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி பிரமாதமாக வந்தது. மூன்று ஆண்ட்டிகளும் அங்கிள்களும் துப்பாக்கி ஜாம் ஆன கதையை அப்பாவின் வாயால் கேட்டு உச்சுக்கொட்டினார்கள். "அந்த மானுக்கு ஆயுசு கெட்டி," என்று சொல்லி அம்மா அப்பாவின் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ரைஃபிளைத் தேர்ந்தெடுத்தவள் நான். அது ஒரு நாளும் சிக்காது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் டேல் அங்கிள் டீமில் வேறு யாரையும் கூப்பிடவில்லை, அப்பாவையேதான் கூப்பிட்டார். அந்த வருடமும் அது ஜாம் ஆனது. அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு முறையும் இருவரும் சிரித்த முகமாகத்தான் திரும்பி வந்தார்கள், ஒரு தொடையோடு. ஜாம் ஆகிறதென்றே வைத்துக்கொண்டாலும், டெக்சாஸ் முழுக்க டெலிபோன் மெஷின்களைப் பழுதுபார்த்துச் சம்பளம் வாங்குகிற இரண்டு பெரிய இன்ஜினியர்கள், இந்த ஒரு துப்பாக்கியை மட்டும் ஏன் ரிப்பேருக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று நான் அம்மாவைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன்.