அத்தான் அடித்த கறுப்பு

என் பழைய வெள்ளைக் காரின் கறுப்பு பிளாஸ்டிக் பம்பரும் கதவோரப் பட்டைகளும் உப்புக்காற்றில் சாம்பல் நிறமாகிவிட்டன. வீட்டிலேயே கறுப்படிக்க முடிவு செய்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, சுற்றிலும் டேப் ஒட்டி, பிரைமர் காய்ந்த பிறகு மெல்லிசாக ஸ்பிரே அடித்தேன். இரண்டாம் நாள் ஒரு பக்கம் முடிந்தபோது அக்காவும் அவள் புருஷனும் வந்தார்கள்.

அத்தான் காரைச் சுற்றி வந்தார். "ஏலே, இந்தப் பட்டைக்கா ரெண்டு நாளு? கப்பலுக்கே பெயிண்ட் அடிச்சவன்லே நான்."

கப்பலில் அவர் பார்த்தது சமையல் வேலை. அதையும் வீட்டில் ஒருநாள்கூடச் செய்து காட்டியதில்லை.

மீன் வாங்கப் போய்த் திரும்பினேன். மறுபக்கம் முழுக்க அடித்து முடித்திருந்தார். கழுவவில்லை, தேய்க்கவில்லை, டேப் ஒட்டவில்லை. கடற்காற்று வீசுகிற வேளையில் டப்பாவைத் தூக்கியிருக்கிறார். வெள்ளைக் கதவிலும் கண்ணாடியிலும் பொடிப்பொடியாய்க் கறுப்பு. அவருடைய மூக்கு நுனியிலும் கொஞ்சம்.

"காஞ்சா சரியாப் போவும்," என்றார்.

காய்ந்தது. நகத்தால் சுரண்டினேன், தோலாக உரிந்து வந்தது.

"பெயிண்ட் டூப்ளிகேட்லே. எந்தக் கடையில வாங்குன?"

அவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அக்கா என் பக்கத்தில் வந்து, "பாவம்டா, அவிய ஆசையாத்தான செஞ்சாவ," என்றாள். ஒரு மனிதன் எதையும் ஒழுங்காகச் செய்யாமலே காலம் தள்ள, பக்கத்தில் இப்படி ஒருத்தி இருந்தால் போதும்.

அவர்கள் போன பிறகு கதவின் புள்ளிகளை ரப்பிங் கம்பவுண்ட் பசை போட்டுத் தேய்த்து எடுத்தேன். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. அவர் அடித்த பக்கத்துப் பட்டைகளை மொத்தமாகச் சுரண்டி, முதலிலிருந்து தொடங்கினேன். அடுத்த ஞாயிறு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தன.

அன்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நான் முதலில் முடித்த பக்கத்தில் சாய்ந்தபடி அத்தான்; வீட்டுக்கு வந்த அன்றே எடுத்திருக்கிறார். கீழே, 'மச்சினன் காருக்கு நம்ம கைவேலை.' சித்தப்பா உடனே எனக்குப் போன் செய்தார். "அத்தான்கிட்ட தொழில் கத்துக்கடா. எப்படி நீட்டா அடிச்சிருக்காரு பாரு!"

அக்கா அந்தப் படத்துக்கு இதயம் போட்டிருந்தாள். விளக்கம் சொல்லும் அளவுக்கு நான் அவர்களை மதிக்கவில்லை. குழுவிலிருந்து வெளியேறினேன்.

அரைமணி நேரத்தில் அத்தான் கூப்பிட்டார். "ஏலே, கை தவறி வெளிய போயிட்டியோ? சேத்துவிடச் சொல்லட்டா?"