தொடக்கூடாத அஞ்சு மார்க்கு

பன்னெண்டாவது பரீட்சைக்கு எல்லாப் பிள்ளைகளும் புஸ்தகத்தைப் புரட்டிப் படிச்சாக. நான் மட்டும் புஸ்தகத்தை இட்லிக் கொப்பரையில வச்சு அவிச்சுப் படிச்சேன். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாக. நம்பாட்டிப் போங்க, எனக்கென்ன. நடந்தது நடந்ததுதான்.

எங்க ஊரு பொட்டிபுரத்துக்குப் பக்கத்துல, மலையடிவாரம். அப்பாவுக்கு ஒரு கெணத்துத் தோட்டம். மக்காச்சோளமும் அவரையும் போடுவாரு. அம்மா, காய் எடுக்கிற மாசத்துல விடிஞ்சும் விடியாம ஜீப்புல ஏறிப் போடிமெட்டுக்கு மேல ஏலத்தோட்டத்துக்குப் போகும், பொழுது சாயத் திரும்பி வரும். நான் பஸ்சுல போடிக்குப் போயிப் படிச்சேன். அந்த வருசம் எங்க ஊர்ல சயின்ஸ் குரூப் எடுத்தது நான் ஒருத்திதான். நர்சாகணும்னு ஆசை. ஆசைன்னா சும்மா ஆசை இல்லை, வெறி. அரசாங்கக் காலேஜுல சீட்டு கெடைச்சாத்தான் உண்டு. வேற எங்கயும் சேத்துவிட எங்க வீட்டுல தெம்பு கெடையாது. அதனால ஒவ்வொரு மார்க்கும் எனக்கு உசிரு.

உசிரா இருந்து என்ன பண்ண? இயற்பியல் எனக்கு வரவே வரலை. அரையாண்டுல பெயிலு. மின்னோட்டம் எந்தப் பக்கம் போகுது, எலக்ட்ரான் எந்தப் பக்கம் போகுதுன்னு கேட்டா, ரெண்டும் என்னைய விட்டு வெலகித்தான் போகும். வேதியியல் பரவாயில்லை. வேதியியலுக்கு வீட்டுலயே செல்வாக்கு இருந்துச்சு. அப்பா ஒரு நாள் அந்தப் புஸ்தகத்தை வாங்கிப் பாத்து, உள்ள காப்பர் சல்பேட்னு இருக்கவும், "இது மயில்துத்தம்ல? இதையும் சுண்ணாம்பையும் கரைச்சுத்தானே மேல ஏலச் செடிக்கு அடிக்கிறது? நல்ல புஸ்தகம் ஆத்தா இது, படி படி"ன்னு சர்டிபிகேட்டே குடுத்துட்டாரு. அப்பா பத்தாவது பாஸ். அந்தத் தெனாவட்டு அவருக்கு எப்பவும் உண்டு.

வினை வந்தது இயற்பியல் ரெண்டாம் தொகுதியில.

எங்க மலையைக் குடைஞ்சு உள்ள நியூட்ரினோ ஆராய்ச்சிக்கூடம் கட்டப் போறாகன்னு பேச்சு கெளம்பினதுல இருந்து எங்க ஊருக்கு அந்தப் பேரே ஆகாது. தண்ணி வத்திரும், பாறை சரிஞ்சிரும், ஆடு மேய்க்க விடமாட்டாகன்னு ஆளுக்கொரு பயம். இதுல எது நெசம், எது புரளின்னு எனக்கு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் அடிச்சுச் சொல்ல மாட்டேன். பயம் மட்டும் நெசம். அப்பா அதுல முன்னாடி நிக்கிற ஆளு. கூட்டம்னா மொத ஆளாப் போவாரு, போஸ்டர்னா பசை காய்ச்சிக் குடுப்பாரு. எங்க வீட்டு அடுப்புல சோத்தை விட மைதாப் பசை அதிகமா வெந்த காலம் அது.

அப்பாவுக்கு இன்னொரு பழக்கம், என் புஸ்தகத்துக்கு எல்லாம் அவருதான் அட்டை போடணும். காக்கிப் பேப்பரை மடிச்சு, ஓரத்தை நகத்தால அழுத்தி, கல்யாணத்துக்கு வேட்டி மடிக்கிற மாதிரி மடிப்பாரு. அன்னைக்கு ரெண்டாம் தொகுதிக்கு அட்டை போட உக்காந்தாரு. சும்மா புரட்டியிருக்காரு. அணுக்கரு பாடத்துல, கொட்டை எழுத்துல, அந்தப் பேரு.

"அடப்பாவிகளா! பாடப் புஸ்தகத்துக்குள்ளயே கொண்டாந்து வச்சுட்டானுகளா!"

அவரு போட்ட சத்தத்துல கட்டுத்தறியில மாடு எந்திரிச்சிருச்சு. நான் பதறி ஓடுனேன். "அது பாடம்ப்பா"ன்னேன். "பாடமா? நம்ம வீட்டுக்குள்ள, உன் பைக்குள்ள, எனக்குத் தெரியாம எத்தனை நாளா இருக்கு இது?"ன்னு என்னமோ நான் பாம்பு வளத்த மாதிரி கேட்டாரு. கேட்ட கையோட பசைச் சட்டியை இழுத்தாரு. போஸ்டருக்குன்னு காய்ச்சி வச்சிருந்த பசை, இன்னும் சூடு ஆறலை. அந்த ரெண்டு பக்கத்தையும் பட்டையா ஒரு பூச்சு பூசி, சேத்து ஒட்டி, மேல அம்மிக்கல்லைத் தூக்கி வச்சுட்டாரு. அந்தப் பக்கத்துலயே தான் அரை ஆயுட்காலமும் இருந்துச்சு. அது ஒரு பாவமும் அறியாதது. அதுவும் சேந்து மாட்டிக்கிருச்சு.

பள்ளிக்கூடத்துலயாவது கத்துக்கலாம்னு பாத்தா, எங்க சாரு அதுக்கு மேல. வெளியூர்க்காரரு. அந்தப் பாடம் வந்ததும் வாசலை ஒரு பார்வை பாத்தாரு, சன்னலை ஒரு பார்வை பாத்தாரு. "பீட்டா சிதைவுல எலக்ட்ரான் கூட இன்னொரு துகளும் வெளிய வரும். பேரு புக்குல இருக்கு, பாத்துக்கங்க. நான் பஸ்சு ஏறி வீடு போய்ச் சேரணும்"னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிட்டாரு. அதுல இருந்து வகுப்புல நாங்க அதை "அவுக"ன்னுதான் சொல்றது. அப்பா பேரைச் சொல்லாம எங்க அம்மா "அவுக வந்தாக, அவுக போனாக"ன்னு சொல்லும்ல, அப்படி. "அவுகளுக்கு மின்சுமை உண்டா?" "அவுகளுக்கு ஏது சுமை, சும்மா வருவாக, சும்மா போவாக." சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சதுதான் மிச்சம், மண்டையில ஒண்ணும் ஏறலை.

பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கையில பழைய கேள்வித்தாளை எடுத்துப் பாத்தா, அதுல அவுகளைப் பத்திக் கேள்வி. அஞ்சு மார்க்கு. ஒரு ஞாயித்துக்கிழமை, அப்பா தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போன நேரமாப் பாத்து அடுப்பைப் பத்த வச்சேன். இட்லிக் கொப்பரையில தண்ணி ஊத்தி, தட்டு மேல துணி விரிச்சு, அது மேல அந்தப் பக்கத்தை மட்டும் பிரிச்சு வச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஆவி பட்டா பசை எளகும்ல? அம்மா வந்துருச்சு.

"என்னடி பண்ற?"

"பக்கம் ஒட்டிக்கிருச்சும்மா."

"அதுக்குப் புஸ்தகத்தை அவிப்பியா? எனக்குன்னு வந்து பொறந்தியே!"

சொல்லிட்டு எட்டிப் பாத்துச்சு. என்ன பக்கம்னு அதுக்குப் புரிஞ்சு போச்சு. என்னையத் தள்ளிவிட்டுட்டு, மாவு கிண்டுற கரண்டிக் காம்பை உள்ள விட்டு, ஒரு எழுத்து கிழியாம நைசா நெம்பிக் குடுத்துச்சு. ஆப்பம் எடுத்த கையி. "வெரசாப் படிச்சுட்டு மூடி வையி. ஒங்கப்பா வந்தா நான் பாக்கலைன்னு சொல்லிருவேன்"னு சொல்லிட்டுப் போயிருச்சு.

படிச்சேன் பாருங்க, படிப்பு! மத்த பாடம் எல்லாம் படிக்கப் படிக்கத் தூக்கம் வரும். இது திருட்டு மாங்கா. மின்சுமை கெடையாது. எதிர்த்துகள் உண்டு. நிறை ரொம்ப ரொம்பக் கொஞ்சம். பருப்பொருளோட ஒட்டு உறவே வச்சுக்கிறாது. ஒவ்வொரு நொடியும் சூரியன்ல இருந்து கோடி கோடியா வந்து நம்ம உடம்புக்குள்ள புகுந்து, ஒண்ணும் பண்ணாம அந்தப் பக்கம் போயிரும். இதைப் படிச்சதும் எனக்குத் திக்குன்னுச்சு. அப்பா இதைத் தடுக்கத்தான் கூட்டத்துல போயி வெயில்ல உக்காருறாரு, அது அவரு நெஞ்சுக்குள்ளயே பூந்து பூந்து போயிக்கிட்டு இருக்கு. சிரிக்கவா அழுகவான்னு தெரியலை. அந்த வருசம் இயற்பியல்ல எனக்கு கமா, புள்ளி தப்பாம முழுசாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

இதுக்குள்ள அப்பா டீக்கடையில வாயை விட்டுட்டாரு. பாடத்துல அது இருக்குன்னு சொல்லவும் ஊரே கொதிச்சிருக்கு. "பரீட்சையில கேட்டா என்ன மாப்ளே பண்ணுவ?"ன்னு ஒருத்தரு கேட்க, "எம்மக அதைத் தொடக்கூட மாட்டா"ன்னு இவரு மீசையை முறுக்கியிருக்காரு. அதோட விட்டாகளா? ஆறு பேரு கூடி உக்காந்து ஒரு மனு எழுதிட்டாக. அப்பா அதை மடிச்சுக் கொண்டாந்து என்கிட்ட நீட்டுனாரு. 'மதிப்பிற்குரிய விடைத்தாள் திருத்துபவர் அவர்களுக்கு, மலையடிவார ஊர்ப் பொதுமக்கள் எழுதிக்கொள்வது. இந்தக் கேள்வியை நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம்.' இதை நான் மனப்பாடம் பண்ணி, கேள்வி வந்தா பதிலுக்குப் பதிலா விடைத்தாள்ல எழுதணுமாம். கீழ ஆறு பேரு கையெழுத்தையும் நானே போட்டுரணுமாம்.

"அப்பா, விடைத்தாள்ல இப்படி என்னத்தையாவது எழுதினா பேப்பரையே செல்லாமப் பண்ணிருவாக. எனக்கு நர்சிங்கு போயிரும்ப்பா"ன்னு அழுதேன். அழுகையைப் பாத்ததும் கொஞ்சம் எறங்கி வந்தாரு. மனு வேணாம். ஆனா தொடக்கூடாது. "ஊருக்கு முன்னாடி சொல்லிப்புட்டேன் ஆத்தா. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு." அவரே குனிஞ்சு தலையைக் காட்டுனாரு. நடுவுல வழுக்கை விழ ஆரம்பிச்சிருந்துச்சு. நான் கையை வச்சேன். அடிக்கலை, வச்சேன். அதெல்லாம் ஒண்ணுதான், தெரியும்.

பரீட்சை அன்னைக்குக் கேள்வித்தாளைத் திருப்பினா, வந்து உக்காந்திருக்கு. 'நியூட்ரினோவின் பண்புகளை விவரி (அல்லது) முழு அலை திருத்தியின் செயல்பாட்டை விளக்குக.' முழு அலை திருத்தியில எனக்கு அந்தத் தலைப்பு மட்டும்தான் தெரியும். அரை மணி நேரம் அந்தக் கேள்வியைச் சுத்திச் சுத்தி வந்தேன். கண்ணை மூடினா அப்பா தலை தெரியுது. கண்ணைத் தொறந்தா அஞ்சு மார்க்கு தெரியுது. பெல்லுக்கு இருபது நிமிசம் இருக்கையில எழுதிட்டேன். பூராவும் எழுதிட்டேன். எழுதி முடிச்சதும் ஒரு எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருந்துச்சு.

பஸ்சை விட்டு எறங்கினா, அப்பா அந்த ஆறு பேரோட நிக்கிறாரு.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன பண்ணுன?"

"தொடலைப்பா."

ஐயோ, அந்த ஆளுக போட்ட சத்தம் இருக்கே! ஒருத்தரு ஓடிப்போயிக் கலர் சோடா கொண்டாந்தாரு. இன்னொருத்தரு தோள்ல கெடந்த துண்டை எடுத்து எனக்குப் போத்தி விட்டாரு, வேர்வை நாத்தத்தோட. "மலையைக் காத்த மகராசி"ன்னாரு ஒரு பெரியப்பா. அப்பா கண்ணுல தண்ணி. நான் அந்தத் துண்டைப் போத்திக்கிட்டு, சோடாவைக் குடிச்சுக்கிட்டு, பூமி பொளந்து என்னைய முழுங்கக்கூடாதான்னு நின்னேன்.

ரிசல்ட்டு வந்துச்சு. எல்லாத்துலயும் பாஸ். இயற்பியல்ல நான் நெனச்சதை விட நல்ல மார்க்கு. கவுன்சிலிங் போனோம். ரெண்டே ரெண்டு மார்க்குல அரசாங்கக் காலேஜு சீட்டு கை விட்டுப் போச்சு. நான் அழுதேன், அம்மா அழுதுச்சு. அப்பா அழுகலை. பஸ்சுல வர்றப்ப சன்னலைப் பாத்துக்கிட்டே, "அஞ்சு இருந்திருந்தா ரெண்டு போக மூணு மிஞ்சியிருக்கும்"னாரு. அதுதான் அன்னைக்கு முழுக்க அவரு பேசின ஒரே பேச்சு.

அதுல இருந்து மனுசன் சோறு திங்கலை. ரெண்டு வாய் அள்ளுவாரு, எந்திரிச்சிருவாரு. தோட்டத்துக்குப் போவாரு, மோட்டாரைப் போடாம வாய்க்கா ஓரம் உக்காந்திருப்பாரு. டீக்கடைப் பக்கம் எட்டிப் பாக்கலை. சொல்லிரலாம்னு நான் பத்துத் தடவை வாயைத் தொறப்பேன். சொன்னா ஊருக்கு முன்னாடி அவரு தலை குனிஞ்சிருமே, தலையில கை வச்ச சத்தியம் என்னாகுமேன்னு மூடிக்குவேன். அம்மா என்னையப் பாக்கும், நான் சொவத்தைப் பாப்பேன்.

ஒரு வாரம் போச்சு. ஒரு மத்தியானம் கையில ஒரு தாளோட எங்கிட்ட வந்து குத்தவச்சாரு. "ஆத்தா, இதுல எழுத்துப் பிழை இருக்கான்னு பாரு"ன்னாரு. வாங்கிப் பாத்தேன். பரீட்சை ஆபீசுக்கு மனு. அவரே கைப்பட எழுதினது. 'ஐயா, என் மகளுக்கு நியூட்ரினோ பற்றிய பதில் படிக்க விடாமல் செய்தது நான். பக்கத்தை ஒட்டியது நான். அவள் மீது குற்றம் இல்லை. அந்த ஒரு கேள்வியை மட்டும் அவளிடம் மறுபடி கேட்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கே வரச் சொன்னாலும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.' வாயால சொல்லவே மாட்டேன்னு இருந்த பேரை, ஒரு எழுத்துப் பிசகாம எழுதியிருந்தாரு.

"இப்ப ஒரு வாரம் படிச்சா உனக்கு வந்துரும்ல? நான் வேணா பக்கத்துல உக்காந்து கேக்குறேன்"னாரு.

"அப்பா, நான் எழுதிட்டேன்ப்பா"ன்னேன்.

"எதை?"

"அந்தக் கேள்வியை. பரீட்சையிலயே. முழுசா எழுதிட்டேன். அஞ்சும் போட்டிருப்பாக. அதையும் சேத்துத்தான் இந்த மார்க்கு. அப்பயும் ரெண்டு பத்தலை."

அடி விழும்னு தோளைக் குறுக்கிக்கிட்டேன். அவரு என் மூஞ்சியையே பாத்தாரு. தாளைப் பாத்தாரு. மறுபடி என்னையப் பாத்தாரு.

"அப்ப என்னால போகலையா?"

"இல்லைப்பா."

"நெசமாவா? எனக்காகச் சொல்லாத ஆத்தா."

நான் ஒப்பிச்சேன். மின்சுமை இல்லை, எதிர்த்துகள் உண்டு, நிறை ரொம்பக் குறைவு, நொடிக்குக் கோடி கோடியா உடம்புக்குள்ள புகுந்து போகும், பரீட்சையில எழுதின மாதிரியே, ஒரு வரி விடாம. அவரு வாயைத் தொறந்து கேட்டுக்கிட்டு இருந்தாரு. முடிச்சதும் எந்திரிச்சாரு. கொல்லைப் பக்கம் பாத்துக் கத்தினாரு.

"ஏய், இங்க வாடி! எழுதிட்டாளாம்டி! அஞ்சும் வாங்கிட்டாளாம்! என்னால இல்லையாம்டி!"

அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டுருக்கும், அந்த ஆறு பேருல மூணு பேரு வீடு எங்க தெருவுலதான். அதெல்லாம் அவருக்கு நெனப்பு வரலை. அம்மா ஈரக் கையோட ஓடியாந்து நின்னுச்சு. அப்பா அது முன்னாடி தரையில சம்மணம் போட்டு உக்காந்து, "சோறு போடு"ன்னாரு.