ஏறுங்க சாரின் படையெடுப்பு

அந்த மருத்துவமனை வளாகத்தில், கார் நிறுத்துமிடத்துக்கும் மூன்று கட்டடங்களுக்கும் இடையே நாள் முழுக்க ஓடும் நான்கு மினி பஸ்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் உண்டு. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அவர் எல்லோருக்கும் ‘ஏறுங்க சார்’தான். பத்தொன்பது வருடங்களாகப் பணி நேரத்தில் அவர் வேறு வார்த்தை பேசியதாகத் தகவல் இல்லை. பஸ் வந்து நின்றால் படியருகே போய், கதவைப் பாதி மறித்துக்கொண்டு நிற்பார். தான் நிற்காவிட்டால் பஸ் கிளம்பாது என்பது அவருடைய நம்பிக்கை. அவர் நிற்பதால்தான் கிளம்பவில்லை என்பது ஓட்டுநர்களின் அனுபவம்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் கோள்களைப் பிடிக்கப் போய்விடுவார். கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் கணினி முன் அமர்ந்து, ஒரு விண்வெளிப் போர் விளையாட்டில் மனைவியின் தம்பியை ஒன்பது வருடங்களாக விடாமல் தோற்கடித்து வந்தார். மச்சினன் செயற்கைப் பல் செய்கிறவன்; அவசரப்படாதவன். ஞாயிறுதோறும் மடிக்கணினியோடு வருவான், கூடத்தில் உட்கார்ந்து தோற்பான், சாப்பிட்டுவிட்டுப் போவான்.

அந்த விளையாட்டின் இரண்டாம் பாகம் வெளிவந்த வாரம்தான் அவர் மனைவியான அம்மையார் அந்த அறையைக் கேட்டார். அவருடைய தையல் மெஷின் ஆறு வருடமாகக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே மூச்சுத் திணறிக் கிடந்தது. ஏறுங்க சாருக்கு வீரம் தலைக்கேறியது.

“புது ஆட்டத்துல உன் தம்பிய நான் ஜெயிக்கலைன்னா அந்த ரூமை நீயே எடுத்துக்க.”

அம்மையார் உடனே அந்த அறைக்குள் அளவு நாடாவை எடுத்துப் போய் ஜன்னலோரத்தை அளந்தார்.

வாரம் முழுக்க ஏறுங்க சார் புதிய வசதிகளைக் கற்றார். பழைய ஆட்டத்தில் படையை ஆட்டு மந்தை போல ஓட்ட வேண்டும். இதிலோ சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் ஒரு சிப்பாயின் தொப்பியிலிருந்து முழுக் கோள் வரை கண்ணில் படுகிறது. பத்து வேலைகளை வரிசையாகச் சொல்லிவிட்டால் ஒவ்வொன்றாகத் தானே முடிகிறது. தளபதி என்று ஒரு ராட்சத இயந்திர மனிதன் புதிதாகக் களத்தில் நிற்கிறான். அவன் செத்தால் ஆட்டம் முடிந்தது. சாகும்போதும் சும்மா சாகமாட்டான், வெடித்துச் சுற்றுவட்டாரத்தையே கூட்டிக்கொண்டு போவான்.

இதெல்லாம் சரி. ஒன்றுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இங்கே ஓர் இடத்தையும் அங்கே ஓர் இடத்தையும் குறித்துவிட்டால், வான ஊர்திகள் இங்கே நிற்பவர்களை அள்ளி அங்கே இறக்கிவிட்டு, யாரும் சொல்லாமலே போய்ப் போய் வருகின்றன. மேற்பார்வையாளர் இல்லாத போக்குவரத்து! அவர் இதைத் தன் உத்தியோகத்துக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு மதியம் போர் மூண்டது. ஒரு மணி நேரத்தில் ஏறுங்க சார் நாற்பது டாங்கிகளைச் சேர்த்துவிட்டார். தன் முகாமில் ஏறுமிடத்தையும், மச்சினன் முகாமின் வாசலில் இறங்குமிடத்தையும் குறித்தார். ஊர்திகள் வந்தன. முதல் நடை ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் இரண்டு டாங்கிகள் வரிசை கலைந்து நிற்பதாக அவருக்குப் பட்டது. பத்தொன்பது வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? தளபதியை அழைத்து வந்து சரியாக ஏறுமிடத்தின் நடுவில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, நிம்மதியாக முழுக் கோளையும் பார்க்கச் சக்கரத்தை உருட்டினார்.

ஊர்திக்கு டாங்கியும் தெரியாது, மேற்பார்வையாளரும் தெரியாது. நின்றவனை அள்ளியது.

கூடத்திலிருந்து மச்சினனின் குரல் கேட்டது. “மாமா, என்ன நீங்களே நேர்ல வந்திருக்கீங்க?”

ஏறுங்க சார் பதறிச் சக்கரத்தைத் திருப்பினார். மச்சினன் முகாமின் வாசலில் அவருடைய தளபதி, விருந்துக்கு வந்தவன் போல் தனியாக நின்றான். மச்சினனின் எல்லாப் பீரங்கிகளும் ஒரே நேரத்தில் மரியாதை செய்தன. தளபதி வெடித்தான். வாசல் போனது, பீரங்கிகள் போயின, வேடிக்கை பார்க்க வந்திருந்த மச்சினனின் தளபதியும் போனான். இரண்டு திரைகளிலும் ஒரே செய்தி: ஆட்டம் சமன்.

அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“ஜெயிச்சீங்களா?”

“தோக்கல.”

“அதை நான் கேக்கல.”

ஏறுங்க சார் மச்சினனைத் தேடினார். ஒன்பது வருடங்களில் முதல் முறையாகத் தோற்காத அவன், அக்காவோடு படுக்கையறைக்குப் போய்த் தையல் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். அக்கா மறுபக்கம். மெஷின் கூடத்தைக் கடந்து அறையை நெருங்கியபோது, ஏறுங்க சாரின் கால்கள் தாமாகவே வாசலுக்குப் போய், கதவைப் பாதி மறித்துக்கொண்டு நின்றன.

“மெதுவா, மெதுவா. இந்தப் பக்கம் கொண்டு வாங்க.”

“மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றான் மச்சினன். “இல்லைன்னா உங்களையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடுவோம்.”