எட்டோடு நின்ற எண்ணிக்கை

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உங்களில் பலர் அவரைப் பொய் சொல்லத் தெரியாதவர் என்பீர்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

லால்குடி பக்கத்தில் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்போடு கிளம்பி வந்து, மோட்டார் பழுதுபார்க்கக் கற்று, தென்னூரில் கடை வைத்தார். தேறாத மோட்டாரைத் தேறும் என்று எவரிடமும் சொன்னதில்லை. அந்த வருமானத்தில்தான் ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டினார், என்னைப் படிக்கவைத்தார்.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் கடையை மூடிவிட்டு அவரோடேயே இருந்தார். உடற்பயிற்சி சொல்லித்தந்த பெண், "பாத்துக்கிறவங்களும் கூடச் சேந்து செய்யணும்ங்க" என்றார். அன்று முதல் தினமும் காலையில் ஹாலில் இரண்டு நாற்காலிகள். பத்து முறை எழுந்து எழுந்து உட்கார வேண்டும். கோவையில் வேலை பார்த்த நான் வீடியோ காலில் எண்ணுவேன்.

எட்டு வந்தால் அப்பா கை காட்டிவிடுவார்.

"போதும்மா. உங்கம்மாவுக்கு மூச்சு வாங்குது."

அம்மாவும் தலையாட்டுவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"அப்பாவே செய்றாரு, உனக்கு என்னம்மா சோம்பேறித்தனம்?" என்று நோயாளியைத் திட்டுவேன். அம்மா நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்துவார்.

சிகிச்சை முடிந்து அம்மா தேறிய மறுவாரம், அப்பா மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த பிறகுதான் அம்மா பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் தந்தார். அதில் அப்பாவின் பெயர். இதயத்தில் அடைப்பு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று பல மாதங்களுக்கு முன்பே எழுதியிருந்தது.

"உன் வைத்தியம் முடியட்டும், அப்புறம் என்னோடத பாத்துக்கலாம்னாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. மூச்சு வாங்கினது அவருக்குத்தான்டி."

தினமும் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி எண்ணியவள் நான். இருவரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள். சொல்லியிருந்தால் லீவு போட்டு ஓடி வந்து அம்மாவோடு நான் உட்கார்ந்திருப்பேன், அப்பா ஆபரேஷனுக்குப் போயிருப்பார். பெற்ற மகளுக்கு அதைச் செய்யக்கூட இடம் தரவில்லை. தியாகம் என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அப்பாவை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும், எல்லாக் காரியத்தையும் முன்னின்று நடத்திய சித்தப்பாவுக்கும், பயிற்சிப் பெண்ணுக்கும் என் வணக்கமும் நன்றியும். அப்பாவுக்கு நன்றி சொல்ல இன்னும் மனம் வரவில்லை.

இப்போது அம்மாவோடுதான் இருக்கிறேன். அப்பாவின் நாற்காலியில் நான் உட்காருகிறேன். எட்டு வந்ததும் பழக்கத்தில் என் குரல் நின்றுவிடுகிறது. அம்மா நிற்பதில்லை. ஒன்பது, பத்து என்று தானே எண்ணி, மூச்சிரைக்காமல் உட்காருகிறார்.