வரிசையில் நின்ற பைகள்

எங்கள் தோட்டத்துக்கு வரும் ஒரே பஸ்ஸுக்குப் பணம் ஒதுக்குவதைப் பற்றிச் சிரம்பானில் மாநிலச் சட்டமன்றம் விவாதித்தது. நாங்கள் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் தொகுதி உறுப்பினர் எழுந்தார். பஸ் ஸ்டாப்பில் ஓர் ஆள்கூட இல்லை, குப்பைதான் கிடக்கிறது, அந்தப் பணத்தைக் குப்பை லோரிக்குக் கொடுங்கள் என்று சொல்லி, ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார்.

பைகளை வரிசையில் வைத்துவிட்டு, வெயிலுக்கு ஒதுங்கி எதிரே இருக்கும் மரத்தடியில் உட்கார்ந்திருப்பது எங்கள் வழக்கம். பையின் இடம்தான் ஆளின் இடம்.

"அடப்பாவி, கண்ணு அவிஞ்சா போச்சு? நம்ம பைங்க லா அது!" என்று கத்தினார் பக்கத்து வீட்டு அக்கா.

வரிசையில் முதலில் இருந்தது என் பை. போன தேர்தலில் அந்த உறுப்பினரே கொடுத்தது. அதில் அவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.