சிங்கம் வராத கண்ணீர் அஞ்சலி

ஆரப்பாளையத்தில் ஒரு டிசைன் கடையில் அப்போது வேலை பார்த்தேன். எங்கள் பகுதியில் தன்னைத் தலைவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் இருந்தார். எதற்குத் தலைவர் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. காதுகுத்து ஃபிளெக்ஸோ, கிரிக்கெட் போட்டி நோட்டீஸோ, எதுவானாலும் அவர் பெயருக்கு முன்னால் ஒரு சிங்கத் தலை வந்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் படத்தை வெட்டி ஒட்ட முதலாளிக்குப் பொறுமை இல்லை. அதனால் எங்கள் தமிழ் ஃபான்ட்டில் எழுத்து எதுவும் இல்லாமல் சும்மா கிடந்த ஓர் இடத்தில் சிங்கத்தை வரைந்து சேர்த்தேன். ஒரு கீயைத் தட்டினால் சிங்கம் வரும். வயிற்றுப்பாட்டுக்கு இதையும் செய்ய வேண்டியிருந்தது.

சிங்கத்தைச் சேர்த்த கொஞ்ச நாளில் தலைவருடைய அம்மா இறந்துபோனார். எங்கள் ஊரில் சாவு விழுந்தால் பிணம் எடுப்பதற்குள் போஸ்டர் சுவரேறிவிட வேண்டும். சாயங்காலம் எடுக்கிறார்கள். தலைவருடன் கடைக்கு வந்த அவருடைய அக்கா, அழுது வீங்கிய முகத்தோடு, அம்மாவின் போட்டோவை என்னிடம் கொடுத்தார்.

“எங்கம்மா பேர நல்லா பெருசாப் போடு தாயி. ஒரு கல்யாணப் பத்திரிக்கையிலகூட அவுக பேரு வந்ததில்ல. எல்லாத்துலயும் எங்கய்யா பேருதேன்.”

போட்டோவுக்குக் கீழே முழு அகலத்துக்கு அம்மா பெயரைப் போட்டு, அதற்கடியில் மகன் பெயரைச் சிங்கத்தோடு வைத்து, திருமங்கலம் அச்சகத்துக்கு அனுப்பினேன். உடனே அங்கிருந்து போன் வந்தது.

“யக்கா, சிங்கத்தக் காணோம். வெறும் கட்டந்தேன் வருது.”

அச்சகத்து ஃபான்ட்டில் என் சிங்கம் இல்லை. எழுத்தையெல்லாம் படமாக மாற்றி அனுப்பியிருந்தால் இந்த வம்பே இல்லை. ஆனால் சாவுப் போஸ்டரில் என் பேரைச் சேர், மச்சான் பேரைச் சேர் என்று அச்சு ஓடும்வரை போன் பண்ணுவார்கள். அச்சகத்திலேயே சேர்த்துக்கொள்ளட்டும் என்று எழுத்தை எழுத்தாகவே அனுப்பச் சொல்வது முதலாளியின் புத்திசாலித்தனம். சிங்கம் சேர்த்த ஃபான்ட்டை அனுப்பினேன். மறுபடியும் கட்டம். அதே பெயரில் பழைய ஃபான்ட் ஒன்று அங்கே உட்கார்ந்துகொண்டு புதியதை உள்ளே விடவில்லை. கடைசியில் ஃபான்ட்டுக்கு வேறு பெயர் வைத்து அனுப்பினேன்.

அதற்குள் தலைவர் குதித்துக்கொண்டிருந்தார். “சிங்கம் இல்லாம போஸ்டர் ஒட்டுனா எவன் மதிப்பான்?” பெற்றவளை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு வந்த மனுஷன் பேச்சு இது. எனக்கு அருவருப்பாக இருந்தது.

சிங்கம் வந்தது. ஆனால் எழுத்தைவிட உயரமாக வரைந்திருந்ததால் வரிகளெல்லாம் விலகி, கீழே இருந்த உறவினர் பெயர்கள் போஸ்டரை விட்டு வெளியே போய்விட்டன.

“அம்மா பேரச் சின்னதாக்கு” என்றார் தலைவர். “எம்பேர்ல கை வச்சிராத.”

அக்கா என்னைப் பார்த்தார். முதலாளி ‘செய்’ என்று கண்ணைக் காட்டினார். குறைத்தேன். “இன்னங்கொஞ்சம்” என்றார் தலைவர். அம்மா பெயர் மகன் பெயருக்குப் பாதியாகும்வரை விடவில்லை.

மத்தியானம் எங்கள் கடைக்கு எதிர்ச்சுவரில் போஸ்டர் ஏறியது. அக்கா போட்டோவைத் திரும்ப வாங்க வந்திருந்தார். தம்பி சுவருக்கு எதிரே நின்று தன் சிங்கத்தை ரசித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்; ஊருக்கே கேட்க வேண்டும்.

“தலைவரு தவறிட்டாராமே? இப்பத்தேன் போஸ்டர்ல பெருசா அவரு பேரப் பாத்தேன். எப்ப எடுக்குறீக?”

“யோவ், நாந்தேன்யா பேசுறேன்!”

“அண்ணே, நீங்களா? நல்லாருக்கீகள்ல? அப்பாடா!”

அக்கா விறுவிறுவென்று போய்ப் போனைப் பிடுங்கினார். “செத்தது எங்கம்மாய்யா” என்று கத்தி, அம்மாவின் பெயரை முழுதாகச் சொன்னார். அதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.